மருமகள் யூதரா, கிறிஸ்தவரா? யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது

கேள்வி: நாங்கள் நாகர்கோவில், சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் மணக்கப்போகும் பெண்ணின் தாய், தந்தை இருவருமே யூதர்கள். அவளும் இயேசுவை விசுவாசிக்கிறாள். ஆனால் "அப்படியென்றால் கிறிஸ்தவள்தானே" என்று கேட்டால், "இல்லை, நான் மெசியானிக் யூதர், யூதராகவே இருந்து இயேசுவை மேசியாவாக ஏற்றவள்" என்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு இஸ்ரேலில் குடியேறலாம் என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அது நடக்குமா? வரும் பஸ்கா விருந்துக்கு எங்களையும் அழைத்திருக்கிறார்கள். எப்படிப் பேசுவது, என்ன கொண்டுபோவது?

பதில்: குடியேற்றத்தை முதலில் பார்த்துவிடுவோம். மற்றவற்றில் தவறினால் கொஞ்சம் மனவருத்தம், அவ்வளவுதான். இதில் தவறினால் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அந்தரத்தில் நிற்க வேண்டிவரும். யூதர் என்ற உரிமையில் குடியேறுவது உங்கள் மருமகளுக்கு நடக்காது.

உலகின் எந்த மூலையிலிருந்தும் யூதர் வந்து குடியேறலாம் என்று சொல்லும் இஸ்ரேலியச் சட்டம் 1950-இல் வந்தது. யூதர் என்றால் யார் என்று அதில் எழுதவில்லை. 1970 திருத்தத்தில்தான் எழுதினார்கள்: யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது யூத மார்க்கத்துக்கு மாறியவர்; கூடவே, வேறு மதத்தைச் சேராதவர். அந்தக் கடைசி மூன்று சொற்களில்தான் சிக்கல். "நான் மதம் மாறவே இல்லையே, என் சொந்த மேசியாவைத்தானே ஏற்றுக்கொண்டேன்" என்பார் மருமகள். இதே வாதத்தோடு பெரஸ்ஃபோர்ட் என்ற தம்பதி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1989 டிசம்பரில் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. தங்களை என்ன பெயரிட்டு அழைத்துக்கொண்டாலும், இந்தச் சட்டத்தின் கண்ணில் மெசியானிக் யூதர்கள் வேறு மதத்தினர்தான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அதே 1970 திருத்தம் யூதரின் பிள்ளைகளுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும், இவர்களின் கணவன் மனைவியருக்கும் குடியேறும் உரிமை தந்தது. விலக்கு வைத்தது ஒருவருக்கு மட்டும்: யூதராக இருந்து, தானாக விரும்பி மதம் மாறியவருக்கு. தந்தை மட்டும் யூதராக இருப்பவர், மத விதிப்படி பிறப்பிலேயே யூதர் அல்ல. யூதராகவே இல்லாதவர் மதம் மாறினார் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கணக்கின்படி, தந்தை வழியில் மட்டும் யூதத் தொடர்புள்ள மெசியானிக் விசுவாசிகள் சிலர் தொடுத்த வழக்கில், 2008 ஏப்ரலில் அவர்களுக்குச் சாதகமாக முடிவு வந்தது. ஆக, பாதி யூதருக்குத் திறக்கும் கதவு முழு யூதருக்குத் திறக்காது. உங்கள் மருமகளுக்குத் தாயும் யூதர் என்பதால் இந்தக் கதவு இல்லை.

காகிதத்தில் எங்கே மாட்டுவார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ் ஆகியவற்றோடு, யூத சமூகத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரு ரபியின் (யூத மத குருவின்) கடிதமும் கேட்பார்கள். மெசியானிக் சபைத் தலைவரும் தம்மை ரபி என்று சொல்லிக்கொள்வது உண்டு. அவர் கடிதத்தை நீட்டினால் அதுவே விண்ணப்பத்தை முடக்கும் சாட்சியாகிவிடும். மதத்தை மறைத்து எழுதலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள். பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய குடியுரிமையைப் பின்னால் பறிக்க அங்கே சட்டமுண்டு. மனைவியின் உரிமையை நம்பி உங்கள் மகனும் திட்டம் போட வேண்டாம். படிப்பு, வேலை என்று மற்ற வெளிநாட்டார் போகும் வழிகள் இருக்கின்றன. எதற்கும் இஸ்ரேலியக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் குடும்ப ஆவணங்களைக் காட்டிவிட்டு முடிவெடுக்கட்டும்.

சட்டம் இப்படிச் சொன்னால் அவர் யூதரே இல்லையா? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அரசு சொல்வது ஒன்று, யூத மத விதி சொல்வது வேறு. "பாவம் செய்தாலும் இஸ்ரவேலன் இஸ்ரவேலனே" என்பது தல்மூத் என்ற யூத மத விதி நூலில் வேர்கொண்ட பழைய வாக்கு. யூதத் தாய்க்குப் பிறந்தவர் வழிதவறிப் போனார் என்று ரபிகள் சொல்வார்களே தவிர, யூதப் பிறப்பு அழிந்துபோனது என்பது பொதுவான நிலைப்பாடு அல்ல. 1962-இல் இது நீதிமன்றத்திலேயே வெளிப்பட்டது. ஓஸ்வால்ட் ரூஃபைசன் போலந்து யூதர். நாஜிகளின் காலத்தில் மீர் நகரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவிலிருந்து 200-க்கும் மேற்பட்ட யூதர்கள் தப்பக் காரணமாக இருந்தவர். பிறகு கத்தோலிக்கராகி, கார்மேல் சபைத் துறவியாக இஸ்ரேலுக்கு வந்து, யூதர் என்றே குடியுரிமை கேட்டார். மத விதிப்படி அவர் யூதராக இருக்கலாம், ஆனால் சாதாரண யூதர் ஒருவர் கிறிஸ்தவத் துறவியை யூதர் என்று சொல்லமாட்டார் என்று நீதிபதிகளில் நால்வர் முடிவுகட்டினார்கள். ஒருவர் மட்டும் மாறுபட்டார். கடைசியில் வெளிநாட்டார் யாரும் கேட்கக்கூடிய சாதாரண வழியில்தான் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது.

பிறப்பை மறுக்காத ரபிகளும் மெசியானிக் வழிபாட்டை யூத மார்க்கத்தின் ஒரு பிரிவாக ஏற்பதில்லை. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் என்று எதிலும் ஒத்துப்போகாத பிரிவுகள் இதில் ஒத்துப்போகின்றன. மனிதரைக் கடவுளாக வணங்குவது அவர்களுக்கு ஒருபோதும் ஏற்புடையதல்ல. கிறிஸ்தவ நாடுகளில் கட்டாய மதமாற்றமும் துரத்தலுமாகப் பல நூற்றாண்டு பட்ட காயம் வேறு. அதனால் பெண் வீட்டு உறவினரில் சிலர் கல்யாணத்துக்கு வராமல் போகலாம். உங்கள் மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் காயத்தை மனதில் வைத்துப் பேசினால் போதும். "மதம் மாறினார்" என்ற பேச்சே வேண்டாம். அவர்கள் இயேசுவை யேஷுவா என்பார்கள், சபை கூடுவது பெரும்பாலும் சனிக்கிழமை. சிலுவையைச் சின்னமாக வைக்கமாட்டார்கள். சிலுவைப்போர்க் கூட்டங்கள் 1096-இல் ரைன் நதிக்கரை யூதர்களை வெட்டியது அந்தச் சின்னத்தை அணிந்துகொண்டுதான். நீங்கள் தாலியில் சிலுவை வைக்க நினைத்திருந்தால் தட்டானிடம் சொல்வதற்கு முன் மருமகளிடம் கேளுங்கள். புறா வைத்தாலும் தாலிதான்.

மகனுக்கு விருத்தசேதனம் செய்யச் சொல்வார்களோ என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். பெரும்பாலான மெசியானிக் சபைகள் கேட்பதில்லை. அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தில் புறஜாதியார் (யூதரல்லாதவர்) மேல் அந்தச் சுமையை வைக்கவில்லை. தாய் யூதர் என்பதால் தீமோத்தேயுவுக்குப் பவுல் விருத்தசேதனம் செய்தார்; கிரேக்கனான தீத்துவைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் பின்பற்றுவதும் அதே வித்தியாசத்தைத்தான்.

இனி பஸ்கா. அந்த நாட்களில் வீட்டில் கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் செய்த பண்டம் எதுவும் இருக்கக்கூடாது. விதிப்படி சுட்ட மாட்சா என்ற புளிப்பில்லா அப்பம் மட்டும் விலக்கு. ஆகவே கோதுமைப் பாலில் கிண்டிய அல்வா கூடாது. அரிசி முறுக்கு ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் ஐரோப்பிய வழி யூதர்கள் அரிசியையும் பருப்பையும்கூட அந்த வாரம் விலக்குவது மரபு. போதாததற்கு டப்பாப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். மெசியானிக் குடும்பங்களில் சிலர் இதையெல்லாம் கறாராகப் பார்ப்பார்கள், சிலர் பார்ப்பதில்லை. கேட்டுக்கொள்வது நல்லது, கேட்கக் கூச்சமாக இருந்தால் வெட்டாத முழுப் பழங்களும் பூங்கொத்தும் போதும். இறால், நண்டு எந்த நாளிலும் வேண்டாம்.

விருந்து இருட்டிய பிறகு தொடங்கும். வாசிப்பும் பாட்டும் நான்கு கிண்ணத் திராட்சரசமுமாக நீளும். சாப்பாடு நடுவில்தான் வரும். நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தட்டில் மூன்று மாட்சா இருக்கும். நடுவில் உள்ளதை உடைத்து, ஒரு பாதியைத் துணியில் சுற்றி ஒளித்துவைப்பார்கள். இதற்கு அபிகோமான் என்று பெயர். இந்த வழக்கம் பொதுவாக யூத வீடுகளில் உண்டு. உடைபட்டு, அடக்கம்பண்ணப்பட்டு, எழுந்த மேசியாவை அதில் காண்பது மெசியானிக் வீடுகளில் மட்டும். கடைசியில் அதைத் தேடி எடுக்கும் பிள்ளைகளுக்குச் சின்னப் பரிசு கொடுப்பது வழக்கம். அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, பையில் ஆளுக்கொரு சின்னச் சாமான் வைத்துக்கொள்ளுங்கள். மிட்டாய் மட்டும் வேண்டாம். அதில் என்ன மாவு என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.