கோயில் படம் போட்டால் ஜப்பான் விஸ்கி ஆகிவிடுமா?

கேள்வி: ஆபீஸ் வேலையாக ஒசாகா வந்திருக்கிறேன். மாமனாருக்கு ஒரு ஜப்பான் சிங்கிள் மால்ட் வாங்க ஆசை. 12 வருஷம் ஊறிய யமசாகி 12-இன் விலை கையைக் கடிக்கிறது. பக்கத்திலேயே கோயில் படமும் ஜப்பானிய எழுத்துமாக ஒரு பாட்டில், பாதி விலைகூட இல்லை. வாங்கலாமா?

பதில்: பாட்டிலைத் திருப்புங்கள். பின் லேபிளில் மூலப்பொருள் வரியை மட்டும் ஃபோன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்தது. அந்த வரியில் ‘மால்ட்’ மட்டுமே இருக்கும். ‘கிரெயின்’, அதாவது சோளம் போன்ற மற்ற தானியம் சேர்ந்தால் அது பிளெண்ட், கலப்பு விஸ்கி. ‘ஸ்பிரிட்ஸ்’, அதாவது வெறும் ஆல்கஹால் என்று கண்ணில் பட்டால் அப்படியே வைத்துவிட்டு நகருங்கள்.

அதைக் கலந்து விஸ்கி என்று விற்பது குற்றமில்லையா என்பீர்கள். இல்லை, அதுதான் கொடுமை! அந்நாட்டு மதுவரிச் சட்டத்துக்குப் பத்தில் ஒரு பங்கு விஸ்கி இருந்தால் போதும், மீதி வெறும் ஆல்கஹாலாக இருக்கலாம். வெளிநாட்டு விஸ்கியை இறக்கிக் கலந்தாலும் கேள்வியில்லை. ஜப்பானின் முதல் மால்ட் விஸ்கி ஆலையான யமசாகி தொடங்கியது 1923-இல். எதை ‘ஜப்பான் விஸ்கி’ எனலாம் என்று ஒழுங்கான விதி வர 2021 ஆயிற்று. ஜப்பானிலேயே வடித்து, மரப்பீப்பாயில் 3 வருஷமாவது அங்கேயே ஊற வேண்டும் என்கிறது அது. நல்ல விதிதான். ஆனால் போட்டது தயாரிப்பாளர் சங்கம். சங்கத்தில் சேராதவனை யார் கேட்பது?

நிக்கா என்ற ஜப்பான் கம்பெனியின் ‘நிக்கா ஃப்ரம் தி பேரல்’ மட்டும் வேறு கதை. அது இந்த விதிக்குள் வராது, சிங்கிள் மால்ட்டும் இல்லை. ஆனால் கம்பெனியே அதை ஒளிக்காமல் சொல்கிறது. 51.4 சதவீத ஆல்கஹால், சின்னச் சதுர பாட்டில், அருமையான சரக்கு. தாராளமாக வாங்குங்கள், மாமனாரிடம் பிளெண்ட் என்றே சொல்லிக் கொடுங்கள். சொல்லி விற்பவனையும் கோயில் படத்துக்குப் பின்னால் ஒளிபவனையும் நான் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

சிங்கிள் மால்ட்தான் வேண்டுமென்றால் லேபிளில் வயது போடாத யோய்ச்சியோ மியாகிக்யோவோ கேளுங்கள், இரண்டும் நிக்காவின் ஆலைகள். யோய்ச்சியில் இன்னும் நிலக்கரித் தீயில்தான் வடிக்கிறார்கள், லேசாகப் புகை அடிக்கும். மியாகிக்யோ சாது, பழவாசனை. யமசாகி 12-இல் மிசுனாரா என்ற ஜப்பானிய ஓக் பீப்பாயில் ஊறிய விஸ்கியும் கலந்திருக்கும். ஒழுகித் தொலைக்கிற மரம் அது. பொறுத்துக்கொண்டால் சந்தனமும் ஊதுபத்தியுமாக வாசனை தரும்.

அப்புறம், ‘தெரிந்தவர் மூலம் யமசாகி மலிவாக வருகிறது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யமசாகியின் காலி பாட்டிலும் அட்டைப்பெட்டியும் ஜப்பானில் ஆன்லைனில் தனியாகவே விலைபோகின்றன. வாங்குகிறவர்கள் எல்லோரும் அதில் மணிபிளான்ட் வளர்ப்பதில்லை.