பியாடகி மிளகாய்: பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: பிசிபேளா பாத் பொடிக்கு பியாடகி மிளகாய்தான் வேண்டுமாம். கடையில் அதே பெயரில் மூன்று விலையில் மூன்று பாக்கெட் இருக்கிறது. எது அசல்? கூட வேலை பார்ப்பவர் ஒருவருக்கும் பியாடகி என்றுதான் குடும்பப் பெயர். அவரிடமே கேட்டுவிடலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அவர் மிளகாய் மண்டிக் குடும்பம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வட கர்நாடகத்தில் ஊர்ப்பெயரே குடும்பப் பெயராவது சகஜம். பாடகி கங்குபாய் ஹானகலின் பெயரில் உள்ள ஹானகலும், பியாடகியும் ஒரே ஹாவேரி மாவட்டத்து ஊர்கள். பூர்வீகம் எது என்று அந்தப் பெயர் சொல்லும், அவ்வளவுதான். உங்கள் நண்பர் அந்த ஊரை எட்டிக்கூடப் பார்க்காதவராக இருக்கலாம்.

மிளகாயும் ஏறக்குறைய அப்படித்தான். பியாடகி ஒரு பெரிய சந்தை. தார்வாட், கதக் என்று சுற்று மாவட்டங்களில் விளைவது மட்டுமல்ல, ஆந்திரத்துச் சரக்கும் அங்கே வந்து ஏலம் போகிறது. பியாடகி மிளகாய்க்கு 2011இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் 5531, 2043 என்று எண் போட்ட ஒட்டுரகங்களையும் வியாபாரிகள் பியாடகி என்றே சொல்லி விற்கிறார்கள். விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். ஒட்டுரகம் கலப்படம் ஆகிவிடாது, ஆனால் நாட்டு ரகத்தின் விலையைக் கொடுத்து அதை வாங்க வேண்டாம்.

எனவே ஊர்ப்பெயரோடு நிற்காமல் ரகத்தைக் கேளுங்கள். பியாடகியில் கட்டி (kaddi), டப்பி என்று இரண்டு ரகம். கட்டி நீளமாக, ஒல்லியாக, விதை குறைவாக இருக்கும். டப்பி குட்டையாக, உப்பலாக இருக்கும்; நல்ல நிறமும் மணமும் தரும். இரண்டிலும் தோல் துணியைக் கசக்கிவைத்தது போலச் சுருங்கியிருக்க வேண்டும். வழவழவென்று மின்னினால் அது வேறு மிளகாய். காம்பு பக்கம் வெளுத்திருந்தால் பழைய சரக்கு; கிள்ளும்போது நமுத்து வளைந்தால் ஈரம் ஏறிய சரக்கு.

பொடியாக வாங்கினால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். மிளகாயின் சொந்த நிறம் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். தூவியதுமே தண்ணீரில் சிவப்புக் கோடு கோடாக இறங்கினால் சாயம் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சரி, காஷ்மீரிப் பொடி பரவாயில்லையா என்றால், நிறத்துக்குப் பரவாயில்லை. அந்தப் பெயரில் கடையில் விற்கும் பொடியிலும் பியாடகி நிறையவே கலந்திருக்கும்.

ஒன்று மட்டும்: பியாடகியில் காரம் குறைவு. அதை மட்டுமே போட்டால் பிசிபேளா பாத் சிவக்கும், நாக்குக்குச் சப்பென்று இருக்கும். நாலு பியாடகிக்கு ஒரு குண்டூர் அல்லது இரண்டு ராமநாதபுரம் முண்டு என்று சேர்த்து, அடி கனமான வாணலியில் சிறு தீயில் வறுங்கள். கருக விட்டால் காசு கொடுத்து வாங்கிய நிறம் போய்விடும்.