ஸ்பீடு இருக்கிறது, பிங்தான் நிற்கவில்லை: விடுதி வைஃபையும் ஆன்லைன் கேமும்

கேள்வி: கோவையில் பொறியியல் படிக்கிறேன். விடுதி வைஃபையில் ஸ்பீடு டெஸ்ட் 40 எம்பிபிஎஸ் காட்டுகிறது, யூடியூப் சிக்காமல் ஓடுகிறது. வாலரன்ட் ஆடினால் மட்டும் இரவு எட்டு மணிக்கு மேல் பிங் (தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரம்) 35 மில்லி விநாடியிலிருந்து 400-க்குத் தாவுகிறது. கேமிங் ரூட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். ஆட்டத்துக்கு 1 எம்பிபிஎஸ் ஸ்பீடே தாராளம். குட்டிக் குட்டி பாக்கெட்டுகள் (தகவல் பொட்டலங்கள்) ஒவ்வொன்றும் நேரம் தவறாமல் போய்வர வேண்டும், அவ்வளவுதான். யூடியூப் அடுத்த சில விநாடிகளுக்கான படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் அரை விநாடி நெட் நின்றாலும் உங்களுக்குத் தெரியாது. ஆட்டத்தில் அப்படிச் சேர்த்துவைக்க முடியாது. எதிரி அடுத்த அடியை இன்னும் எடுத்தே வைக்கவில்லையே!

35 என்பது நல்ல எண்தான். வாலரன்ட்டின் சர்வர் மும்பையில் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி 1 மில்லி விநாடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். கோவையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். போய்வரவே 10 மில்லி விநாடி ஆகிவிடும். கேபிளின் வளைவு நெளிவுக்கும் நடுவில் உள்ள கருவிகளுக்கும் மீதி. ஆக, தூரத்தைக் குறை சொல்ல முடியாது. எங்கோ ஓரிடத்தில் நெரிசல். எந்த இடம் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கொடுத்தால் 'டிஃபால்ட் கேட்வே' என்று 192.168.1.1 போல ஓர் எண் வரும். அது விடுதி நெட்வொர்க்கின் வாசலில் நிற்கும் ரூட்டரின் எண். இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் 'பிங்' என்று ஆங்கிலத்தில் தட்டி அந்த எண்ணையும், மற்றொன்றில் அதேபோல் வெளியே உள்ள ஒரு பொது சர்வரின் எண்ணான 1.1.1.1-ஐயும் கொடுங்கள். எண்ணுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஆங்கில 'டி' எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். கன்ட்ரோல்-சி அழுத்தினால் நின்று, எத்தனை பாக்கெட் தொலைந்தது என்ற கணக்கைத் தரும். தொல்லை வரும் நேரத்திலேயே பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

கேட்வே 2, 3, 5 என்று அமைதியாக இருந்து 1.1.1.1 மட்டும் தாவினால், விடுதிக்கு வரும் வெளி லைனே திணறுகிறது என்று பொருள். அறைக்கு நீங்கள் எதை வாங்கி வைத்தாலும் அது சரியாகாது. இரண்டு ஜன்னலின் ஸ்க்ரீன்ஷாட்டையும் விடுதியின் நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கொடுங்கள். வெறுமனே 'நெட் ஸ்லோ' என்பதைவிட அது அவருக்கு உதவும். கேட்வேயே தாவினால், உங்கள் லேப்டாப்புக்கும் வராந்தா அக்சஸ் பாயின்ட்டுக்கும் (வைஃபை தரும் பெட்டி) நடுவில்தான் கோளாறு. கேட்வே பதிலே தராவிட்டால், அதே நேரத்தில் அக்சஸ் பாயின்ட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் அறைக்குள் உட்கார்ந்தும் 1.1.1.1-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: அறைக்குள்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டது. ரிப்பீட்டர் வாங்கச் சொல்கிறார்கள். சுவரில் ஒரு பழைய லேன் பாயின்ட்டும் இருக்கிறது, ஆனால் என் லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லை.

பதில்: அந்த லேன் பாயின்ட் புதையல். அதில் உயிர் இருக்கிறதா என்று வார்டனிடம் கேட்டுவிட்டு, யூஎஸ்பி-லேன் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். ரியல்டெக் ஆர்டிஎல்8153 சிப் உள்ள கிகாபிட் அடாப்டர் நம்பகமானது. விலை குறைந்த 100 எம்பிபிஎஸ் அடாப்டரும் ஆட்டத்துக்குப் போதும். கேம் டவுன்லோடுதான் மெதுவாகும். கேபிளில் 'கேட் 6' ரகம் எடுங்கள், கேட் 8-க்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். 'சிசிஏ' என்று அச்சிட்டிருந்தால் அது செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம். வளைத்தால் எளிதில் முறியும். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தந்தால் கம்பி முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ரிப்பீட்டர் வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் கேட்டு, அதே சேனலில் மறுபடி அனுப்புகிறது. நெரிசலான காற்றில் அது இன்னும் நெரிசலைக் கூட்டும்.

லேன் பாயின்ட் செத்திருந்தால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. ஒரு மாடியின் அத்தனை போன்களும் அதில்தான். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் பல லேப்டாப்களில் 'ப்ரிஃபர்ட் பேண்ட்' இருக்கும், அதை 5 ஆக்குங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டத் திணறும் என்பதால் மேஜையைக் கதவுப் பக்கம் நகர்த்துங்கள்; இரும்பு பீரோ நடுவில் நிற்கக் கூடாது. 2.4-ஐ விட வழியே இல்லையென்றால் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கையும் ஹப்பையும் தள்ளி வையுங்கள். அவை 2.4 அலைவரிசையில் இரைச்சல் கிளப்புவதை இன்டெல் 2012-லேயே எழுதியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. அனுமதி வாங்கிச் சொந்த ரூட்டர் வைத்தால், சுவர் கேபிளை 'வேன்' அல்லது 'இன்டர்நெட்' என்று எழுதிய போர்ட்டில் மட்டும் செருகுங்கள். தவறி லேன் போர்ட்டில் செருகினால் உங்கள் ரூட்டர் மாடி முழுவதற்கும் ஐபி எண் (கருவிகளின் நெட் முகவரி) வழங்கத் தொடங்கிவிடும். பக்கத்து அறைகளிலெல்லாம் நெட் போய்விடும்.

கேள்வி: வாடகை வீட்டில் ஐந்து மாணவர்கள், ஒரே ஃபைபர் இணைப்பு. ஒருவர் டிரைவில் வீடியோ ஏற்றினால் எல்லோருக்கும் லேக். 100 எம்பிபிஎஸ்ஸை 300 ஆக்கலாமா?

பதில்: மாதாமாதம் கூடுதல் காசு கொடுத்தும் இதே தொல்லை திரும்ப வரலாம். ஏற்றும் வேலை லைனை முழுவதும் நிரப்பும்போது ரூட்டருக்குள் வரிசை நீள்கிறது, உங்கள் பாக்கெட் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. 'எஸ்கியூஎம்' (வரிசையைத் தானே ஒழுங்குபடுத்தும்) வசதியுள்ள ரூட்டரில் ஏற்றம், இறக்கம் இரண்டையும் உண்மையான வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டுங்கள். 100 வந்தால் 90. வரிசை ரூட்டரின் கைக்குள் வந்துவிடும், சின்ன பாக்கெட்டுகளுக்கு அது வழிவிடும். புது ரூட்டர் வாங்கும் முன் செலவில்லாத வழி ஒன்று: கூகுள் டிரைவ் டெஸ்க்டாப், ஸ்டீம் இரண்டின் செட்டிங்கிலும் வேக வரம்பு வைக்கலாம்.

கேள்வி: மொபைல் டேட்டாவில் ஆடலாமா?

பதில்: வெளி லைன் திணறும் விடுதியில் இதுவே நல்ல வழி. போனை ஜன்னலோரம் வைத்து, ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் கேபிளில் யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தருவது) செய்யுங்கள். வைஃபை நெரிசல் ஒழியும். ஆட்டம் தின்னும் டேட்டா குறைவு, அப்டேட்கள்தான் பல ஜிபி. அவற்றை அதிகாலையில் விடுதி வைஃபையில் இறக்கிவிட்டு, டெதரிங்கை விண்டோஸில் 'மீட்டர்டு கனெக்ஷன்' (அளவோடு செலவிட வேண்டிய இணைப்பு) என்று குறித்து வையுங்கள். பிங் குறைக்கும் ஆப் என்று விற்பவற்றுக்குப் பணம் கட்ட வேண்டாம். அறைக்குள் காற்றில் தொலையும் பாக்கெட்டை அவற்றால் மீட்க முடியாது.