பொம்மையைப் பிரித்துப் பார்க்காதவர்களுக்கும் மேற்படிப்பு உண்டு

(விண்ணப்பக் காலம் நெருங்கிவிட்டது போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மெக்கானிக்கல் மேற்படிப்பைப் பற்றித்தான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால், யார் பெயரையும் போடவில்லை.)

கேள்வி: மேடம், மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு உதிரிபாக நிறுவனம் ஒன்றில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். முதுகலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ‘ஏன் படிக்க விரும்புகிறீர்கள்’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். நண்பர்கள் எல்லோரும் சின்ன வயதில் பொம்மையைப் பிரித்துப் பார்த்ததாக எழுதுகிறார்கள். நான் எதையும் பிரித்ததில்லை. மார்க்குக்குக் கிடைத்த பிரிவில் சேர்ந்தேன், அவ்வளவுதான். எனக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது. என்ன எழுதட்டும்?

பதில்: சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து வருடக்கணக்கில் இந்த மாதிரிக் கட்டுரைகளைப் படித்தவள் நான். முதல் பத்தியில் பொம்மையோ ரேடியோவோ அப்பாவின் வண்டியோ வந்தால், என் கண் தானாக இரண்டாம் பத்திக்குத் தாவிவிடும். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைப்பதில்லை. ஏழு வயதில் செய்ததை வைத்து இருபத்தைந்து வயதுக்காரரை எப்படி எடைபோடுவது? அதனால் பொம்மை இல்லாததற்காகக் கவலைப்படாதீர்கள்.

நான் தேடியது ஒன்றைத்தான். கையில் இருக்கிற படிப்பை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாத கேள்வி ஏதாவது இவரிடம் இருக்கிறதா?

டிசைன் பிரிவில் இருக்கிறீர்கள். அப்படியென்றால் பாகத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கிக் கணக்குப் போடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் தினமும் உழன்றுகொண்டிருப்பீர்கள். ஒரு கூரான உள்மூலை உள்ள பாகத்தை எடுத்து, மெஷ்ஷை, அதாவது அந்தத் துண்டுகளின் அளவை, பாதியாக்கிப் பாருங்கள். மூலையில் ஸ்ட்ரெஸ், அதாவது பொருள் உள்ளே தாங்கும் விசையின் செறிவு, கூடும். மறுபடியும் பாதியாக்குங்கள், மறுபடியும் கூடும். தொண்ணூறு டிகிரி உள்மூலையாக இருந்தால், மெஷ் நன்றாகப் பொடியான பிறகு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிக்கொண்டே போகும். எங்கேயும் நிற்காது. மேலதிகாரியிடம் காட்டினால், “அங்கே ஒரு ஃபில்லட் போட்டு மூலையை வளைவாக்கிவிடு, ரிப்போர்ட்டில் அந்த இடத்தைக் காட்டாதே” என்பார். வேலை முடிந்துவிடும், அவர் சொன்னதும் சரிதான். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும், ‘கணக்கு முடிவிலி என்கிறதே, பாகம் ஏன் உடையாமல் இருக்கிறது?’ என்று மனசு கேட்டதா? கேட்டிருந்தால் கட்டுரையின் முதல் பத்தி உங்களிடம் இருக்கிறது.

இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. நீள்வட்டத் துளை உள்ள தகட்டில் ஸ்ட்ரெஸ் எவ்வளவு என்று 1913-இல் இங்கிலிஸ் கணக்குப் போட்டார். துளையின் முனை கூராகக் கூராக ஸ்ட்ரெஸ் எகிறிக்கொண்டே போனது. அதை அப்படியே நம்பினால், மயிரிழை விரிசல் உள்ள கண்ணாடி தொட்டாலே உடைய வேண்டும். 1921-இல் கிரிஃபித் கேள்வியையே திருப்பிப் போட்டார். முனையில் ஸ்ட்ரெஸ் எவ்வளவு என்று பார்ப்பதை விட்டுவிட்டு, விரிசல் கொஞ்சம் வளர்ந்தால் விடுபடும் ஆற்றல், புது மேற்பரப்பை உண்டாக்கப் போதுமா என்று பார்த்தார். முறிவியல் என்ற பாடம் அங்கிருந்துதான் கிளம்பியது. இளங்கலையில் இதற்கு ஒரு வகுப்பு ஒதுக்கினாலே அதிகம். முதுகலையில் ஒரு செமஸ்டர் முழுக்க இதுதான்.

என் கதையையும் கேட்டுவிடுங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு தண்டு, இறுக்கிப் பொருத்திய ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) விளிம்பில் சரியாக அதே இடத்தில் உடைந்துகொண்டிருந்தது. கணக்குப்படி பாதுகாப்புக் காரணி தாராளமாக இருந்தது. உடைந்த துண்டைக் கழற்றினால் பொருத்திய இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் நைசான தூள் இருக்கும், துரு மாதிரி. ஆனால் அங்கே ஈரமே கிடையாது. கையேட்டில் ‘இறுக்கப் பொருத்தம் இருந்தால் இந்த எண்ணால் பெருக்கவும்’ என்று ஒரு வரி இருந்தது. ஏன் அந்த எண் என்று யாருக்கும் தெரியவில்லை. தண்டைத் தடிமனாக்கினோம், உடைவது நின்றது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். என்னால்தான் முடியவில்லை. இறுக்கமாகப் பிடித்திருக்கிற இரண்டு பரப்புகள் சில மைக்ரான் அளவுக்கு உரசிக்கொண்டே இருந்தால் அந்தத் தூளும் வரும், விரிசலும் அங்கேயே பிறக்கும் என்பது மேற்படிப்புக்குப் போன பிறகுதான் புரிந்தது. ஃப்ரெட்டிங் என்பார்கள். என் ஆய்வேடே அதில்தான். நான் பிரிவைத் தேர்ந்தெடுத்தபோது இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

இதைவிடப் பெரிய உதாரணம், காற்றும் நீரும் ஓடும் விதத்தை ஆராய்ந்த லுட்விக் பிராண்ட்ல். ஜெர்மனியில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில், மரச்சீவல்களை உறிஞ்சி எடுக்கும் அமைப்பைச் சீர்செய்யும் வேலை அவருக்கு வந்தது. அகன்றுகொண்டே போகும் குழாயில் வேகம் குறையக் குறைய அழுத்தம் கூட வேண்டும். பாடம் அப்படித்தான் சொல்கிறது. குழாயில் அது நடக்கவில்லை, ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது. இயந்திரத்தை அவர் சரிசெய்து கொடுத்துவிட்டார். ஆனால் ஓட்டம் ஏன் பிரிகிறது என்ற கேள்வியைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். 1904-இல் ஹைடெல்பெர்க் கணித மாநாட்டில் அவர் படித்த சிறு கட்டுரையில்தான் சுவரை ஒட்டி வேகம் குறைந்து ஓடும் மெல்லிய அடுக்கான எல்லைப் படலம் என்ற கருத்து பிறந்தது. விமான இறக்கை முதல் டர்பைன் இலை வரை இன்று போடும் எல்லாக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது. மரச்சீவலில் ஆரம்பித்தது!

ஆகவே உங்கள் மேசையில் அரைகுறையாக நிற்கிற ஒரு விஷயத்தை எடுங்கள். என்ன நடந்தது, நீங்கள் என்ன முயன்றீர்கள், எந்த இடத்தில் உங்கள் படிப்பு தீர்ந்துபோனது என்று எழுதுங்கள். அதைத் தொடர நீங்கள் விண்ணப்பிக்கும் துறையில் எந்தப் பாடம், எந்த ஆய்வகம் வேண்டும் என்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ‘தீராத தாகம்’, ‘உலகத் தரம் வாய்ந்த தங்கள் நிறுவனம்’ என்பதையெல்லாம் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். சம்பளம் கூடும், பதவி உயரும் என்ற ஆசையும் இருக்கும், இருக்கட்டும். எனக்கும் இருந்தது. ஆனால் பரிசோதனை மூன்றாவது முறை சொதப்பும் இரவில் அந்த ஆசை மட்டும் உங்களை ஆய்வகத்தில் உட்கார வைக்காது.

எவ்வளவு தேடியும் அப்படி ஒரு கேள்வி கிடைக்கவில்லையா? இந்த வருடம் விண்ணப்பிக்காதீர்கள். வேலையைப் பாருங்கள், கேள்வி வந்ததும் போகலாம்.

கேள்வி: கணிதம் என்றாலே பயம். ஆனால் ஓட்டவியலில் (நீர், காற்று போன்றவை ஓடும் விதம் பற்றிய பிரிவு) முதுகலை படிக்க ஆசை. ஒத்துவருமா?

பதில்: மழுப்பாமல் சொல்கிறேன், முதல் செமஸ்டர் முழுக்கக் கணிதம்தான். டென்சர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, எண்ணியல் முறைகள். இளங்கலையில் சூத்திரத்தைக் கொடுத்து எண்ணைப் போடச் சொல்வார்கள். இங்கே அந்தச் சூத்திரம் எந்த அனுமானத்தில் பிறந்தது, எப்போது பொய்க்கும் என்று கேட்பார்கள்.

ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். தட்டையான தகட்டின் மேல் ஓடும் எல்லைப் படலத்துக்கு, பிராண்ட்லின் மாணவர் பிளாசியஸ் 1908-இல் தந்த சமன்பாடு எந்தப் பாடநூலிலும் இருக்கும். அதை நீங்களே வரிவரியாக வருவித்து, சின்னதாக ஒரு நிரல் எழுதித் தீர்த்துப் பாருங்கள். சுவரில், அதாவது தகட்டின் பரப்பில், வேகச் சரிவுக்கு 0.332 என்ற எண் வர வேண்டும். வருவதற்குள் நாலைந்து தடவை தப்பாகும், அது சகஜம். கடைசியில் அந்த எண் திரையில் வந்தபோது துள்ளிக் குதிக்கத் தோன்றினால், உங்களுக்கு இருப்பது பரீட்சைப் பயம் மட்டும்தான். ‘அப்பாடா, ஒழிந்தது’ என்று தோன்றினால் உற்பத்திப் பொறியியல் பக்கம் பாருங்கள். அதிலும் கணிதம் உண்டு, ஆனால் இரும்பைத் தொடும் நேரம் அதிகம்.

கேள்வி: கியர், பேரிங், பம்ப் எல்லாம் நூறு வருடப் பழசு. இதில் ஆராய்ச்சி செய்ய இன்னும் என்ன இருக்கிறது?

பதில்: அமெரிக்காவில் பொறியியலில் முதல் முனைவர் பட்டம் வாங்கியவர் கிப்ஸ். ஆமாம், வெப்ப இயக்கவியல் பாடத்தில் நம்மைப் படுத்துகிறாரே, அவரேதான். 1863-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேடு கியர் பல்லின் வடிவத்தைப் பற்றியது. இன்றும் கியர் பல்லில் ஆய்வு நடக்கிறது. மின்சாரக் கார் வந்ததும் எஞ்சின் இரைச்சல் போய்விட்டது, அதுவரை அதற்குள் ஒளிந்திருந்த கியரின் ‘ஙொய்ங்’ சத்தம் வெளியே கேட்க ஆரம்பித்துவிட்டது. மோட்டார் சுற்றும் வேகமும் பல மடங்கு கூடிவிட்டது. பழைய பல் வடிவம் போதவில்லை.

நீரோ காற்றோ சுழித்துக் குழம்பி ஓடும் கொந்தளிப்பு ஓட்டத்தை எடுத்தால் இன்னும் மோசம். குழாயில் சாயத்தை விட்டு ரெனால்ட்ஸ் அதைப் பார்த்துச் சொன்னது 1883-இல். அதை ஆளும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டுக்கு முப்பரிமாணத்தில் எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்பதை நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்தது. பணம் இன்னும் அவர்களிடமே இருக்கிறது.

கேள்வி: வேலை கிடைக்கவில்லை. சும்மா இருப்பதற்குப் பதில் மேற்படிப்பு படிக்கலாமா?

பதில்: படிக்கலாம். பிறகு முதுகலைப் பட்டத்தோடு வேலை கிடைக்கவில்லை என்று எழுதுவீர்கள், அதற்கும் பதில் போடுவேன்.

கேள்வி: முதுகலையோடு நிறுத்தலாமா, நேராக முனைவர் பட்டத்துக்குப் போகலாமா?

பதில்: ஆய்வேடு எழுதும் முதுகலையில் சேருங்கள். ஒரே கேள்வியோடு குடித்தனம் நடத்த உங்களால் முடியுமா என்று அங்கே தெரிந்துவிடும். முடிந்தால் தொடரலாம். கேள்வியை வளர்க்கப் பட்டம்தான் வேண்டும் என்றும் இல்லை. ருடால்ஃப் டீசல் மாணவராக இருந்தபோது, பேராசிரியர் லிண்டேயின் வகுப்பில் நீராவி எஞ்சின் எவ்வளவு வெப்பத்தை வீணாக்குகிறது என்று தெரிந்துகொண்டார். அது அவரை விடவே இல்லை. ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, 1897-இல் அவருடைய எஞ்சின் 26 சதவீதத் திறனைக் காட்டியது. அந்த நாளின் நீராவி எஞ்சின்கள் அதற்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தன.

கேள்வி: எனக்கு 36 வயது. பராமரிப்புப் பிரிவில் நீண்ட அனுபவம். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கக் கூச்சமாக இருக்கிறது. போகலாமா, அக்கா?

பதில்: தாராளமாகப் போங்கள் தம்பி. ஆய்வகத்தில் உங்களைத்தான் எல்லோரும் தேடி வருவார்கள். சென்சாரைத் தப்பான இடத்தில் ஒட்டியிருப்பதும், போல்ட் தளர்ந்து அதிர்வுப் பதிவு கெட்டுப்போயிருப்பதும் புத்தகம் மட்டும் படித்தவர்கள் கண்ணில் சீக்கிரம் படாது. உங்களுக்குத் தடுமாற்றம் கணிதத்தில்தான் வரும். சேருவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே வகைக்கெழுச் சமன்பாட்டையும் அணிகளையும் தூசி தட்டத் தொடங்குங்கள், தினம் ஒரு மணி நேரம் போதும். அப்புறம், வழிகாட்டிக்கு எழுதும் முதல் கடிதத்தில் வயதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். அவருடைய சமீபத்திய ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு, நீங்கள் கையாண்ட இயந்திரம் ஒன்றில் அது எந்த இடத்தில் ஒத்துவருகிறது, எங்கே ஒத்துவரவில்லை என்று பத்து வரியில் எழுதுங்கள்.