தாத்தா விட்டுச் சென்ற 'ஜனதா'

கேள்வி: தாத்தா கட்டியிருந்த எச்.எம்.டி. 'ஜனதா' கைக்கடிகாரம் இன்றும் ஓடுகிறது. அதைச் செய்த நிறுவனம் மட்டும் ஏன் ஓடவில்லை?
- வாசகி, மயிலாப்பூர், சென்னை-4.

பதில்: இயந்திரக் கருவிகள் செய்வதற்காக 1953-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து, 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பில் இறங்கியது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். உங்கள் 'ஜனதா' சாவி கொடுத்து ஓடும் வகை. அதன் சக்கர அச்சுகள் தேயாமலிருக்க 17 கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. தாத்தா நாள்தோறும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். அந்தத் தலைமுறையின் ஒழுங்கு அப்படி.

சரிவுக்குப் பல காரணங்கள் கூறப்பட்டாலும், என் பார்வையில் முதன்மையானது குவார்ட்ஸ் கடிகாரங்களின் வரவு. அவற்றில் உள்ள, நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு குவார்ட்ஸ் படிகமும் ஒரு பேட்டரியும், சாவி கொடுக்கும் கடிகாரத்தின் சுருள்வில்லால் எட்ட முடியாத துல்லியத்தை எளிதாகத் தந்தன. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்தது. ஆயினும், டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் இணைந்து 1984-இல் உருவாக்கிய டைட்டன், ஓசூர் ஆலையிலிருந்து புதுப்புது வடிவங்களில் கடிகாரங்களை அனுப்பத் தொடங்கியபின், வாங்குவோரின் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. நட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகவே, எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

கடிகாரத்தைத் தண்ணீர் படாமல் வைத்திருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய கடிகாரங்களைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இடச் சொல்லுங்கள்.