ஹீட் பிரஸ் அழுத்தம்: கேட்டவையும் பதில்களும்

ஹீட் பிரஸ் என்பது துணியில் டிசைனைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் பதிக்கும் மெஷின்.

கேள்வி: வினைல் (சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டிய டி-ஷர்ட்டுகளில் இடது கீழ் மூலை மட்டும் இரண்டு சலவையிலேயே எழும்பிவிடுகிறது. அழுத்தம் வைக்கும் நாப்பை இன்னும் இறுக்கலாமா?

பதில்: வேண்டாம். எப்போதும் அதே மூலை எழும்புகிறதென்றால், அழுத்தம் சமமாக விழவில்லை. மெஷின் ஆறியிருக்கும்போது, நான்கு மூலையிலும் ஒவ்வொரு காகிதத் துண்டைப் பாதி வெளியே நீட்டியபடி வைத்து மூடுங்கள். ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். மூன்று அசையாமல் நின்று ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் கோளாறு அங்கேதான்.

உடனே ஸ்பானரைத் தேட வேண்டாம். கீழ்த்தட்டில் உள்ள சிலிக்கோன் பேடை உள்ளங்கையால் தடவுங்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில் சின்ன லோகோ அடித்தால் பேட் அங்கே குழிந்துபோகும். அப்படியென்றால் பேடை மாற்றுங்கள். அது நன்றாக இருந்தால் மட்டும் மேல்தட்டின் மட்டத்தைப் பாருங்கள். அப்புறம், காலரும் தோள் தையலும் தட்டுக்கு நடுவே இருந்தால் அவையே மேல்தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். தட்டுக்கு வெளியே தொங்கவிடுங்கள்; முடியாவிட்டால், டிசைன் வரும் இடத்துக்கு அடியில், துணிக்குள், பிரஸ் தலையணை (சூடு தாங்கும் மெத்தைத் துண்டு) வையுங்கள்.

கேள்வி: என் மெஷினில் அழுத்தம் காட்டும் கேஜ் கிடையாது. 'மீடியம்' என்றால் எவ்வளவு?

பதில்: கையே சொல்லும். லீவர் கடைசியில் கொஞ்சம் முரண்டு பிடித்து, ஒரு கையாலேயே பூட்டிக்கொண்டால் மீடியம். இரண்டு விரலுக்கே பூட்டினால் லைட். உடம்பையே சாய்க்க வேண்டியிருந்தால் அதிகம். டி-ஷர்ட்டுக்கு வைத்ததை ஹூடிக்கு அப்படியே விடாதீர்கள். துணி தடித்தால் நாப்பைத் தளர்த்த வேண்டும்.

கேள்வி: காற்றில் ஓடும் பிரஸ். கேஜில் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) வைத்தால் துணியிலும் அதேதானே விழும்?

பதில்: இல்லை. கேஜ் காட்டுவது சிலிண்டருக்குப் போகும் காற்றை. நேராக அழுத்தும் 10 செ.மீ. விட்டச் சிலிண்டர் அதில் சுமார் 330 கிலோ விசை தரும். அது 40×50 செ.மீ. தட்டு முழுக்கப் பரவினால் துணிக்குக் கிடைப்பது இரண்டு பிஎஸ்ஐக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதனால் இன்னொருவர் மெஷினின் எண்ணை வாங்கி வைப்பதில் பயனில்லை. சோதனைத் துண்டு அடித்து, துவைத்துப் பார்த்து, உங்கள் எண்ணை எழுதி மெஷினிலேயே ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: சப்ளிமேஷனில் (காகிதத்தில் அச்சிட்ட மையைச் சூட்டால் துணிக்கு மாற்றும் முறை) காகிதத்தின் விளிம்பு கோடாகப் பதிகிறது.

பதில்: அழுத்தம் அதிகம். குறையுங்கள். காகித ஓரத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தாலும் கோடு மங்கும். ரொம்பவும் தளர்த்திவிட்டால் திறக்கும்போது காகிதம் நகர்ந்து நிழல் விழும். காகிதம் நகராதபடி ஹீட் டேப் (சூடு தாங்கும் ஒட்டு நாடா) போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கறுப்பு டி-ஷர்ட்டில் தட்டின் அளவுக்குச் சதுரமாகப் பளபளப்பு. போக்க முடியுமா?

பதில்: பருத்தி என்றால் கொஞ்சம் தள்ளிப் பிடித்து நீராவி காட்டுங்கள், பெரும்பாலும் மறையும். பாலியெஸ்டரில் இழை சூட்டில் இளகி நசுங்கியிருந்தால் போகாது. அந்தச் சட்டையை சாம்பிளாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.