நேர்மையாக வாழ்கிறவர்கள் தேசிய அடையாள அட்டையையும் அரசின் மக்கள் தரவுத்தளத்தையும் ஏன் எதிர்க்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் விளக்கத்தில் இரண்டு விடயங்களை எழுதியிருக்கிறார். இலங்கையில் வரப்போகும் டிஜிட்டல் அடையாள அட்டையால் அலுவலகம் அலுவலகமாக அலைவது குறையும் என்பது ஒன்று. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது மற்றது. அலைச்சல் குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. பிரதேச செயலகத்தில் அரை நாள் காத்திருந்து, 'படிவத்தில் கிராம சேவகரின் முத்திரை இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டாவது வாதத்தை மட்டும் முழுமூச்சாக மறுக்கிறேன். திருகோணமலையில் பிறந்து இங்கேயே வாழ்கிறவன் அதை ஒப்புக்கொள்ளவே முடியாது.

பெயரும் படமும் உள்ள ஓர் அட்டையை வைத்திருப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அட்டைக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. என் சண்டை அந்தப் பட்டியலோடுதான். அதைத் தயாரிப்பவர் ஒருவர், பத்து வருடம் கழித்து அதைக் கையில் எடுப்பவர் வேறொருவர். எதற்காகத் தயாரித்தார்கள் என்பது எடுப்பவரைக் கட்டுப்படுத்தாது.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. அந்த நாட்களைப் பற்றிய ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. வாக்காளர் பட்டியலை விட நல்ல நோக்கத்தோடு ஒரு அரசு தயாரிக்கும் பட்டியல் எது? மக்கள் வாக்களிக்க வேண்டும் என்பதற்காக வீடு வீடாகச் சென்று எழுதிய பெயர்கள் அவை. அதில் இருந்தவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. முகவரியைச் சரியாகக் கொடுத்தார்கள். கும்பல் அந்தச் சரியான முகவரிக்குத்தான் வந்தது.

இனி நம் சட்டைப்பையில் இருக்கும் அட்டைக்கு வருவோம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இலிருந்து அது வழங்கப்படுகிறது. பழைய அட்டையின் இலக்கத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். கடைசியில் வாக்குரிமை உள்ளவருக்கு ‘வி’, இல்லாதவருக்கு ‘எக்ஸ்’. எந்தக் கவுண்டரில் இலக்கத்தைச் சொன்னாலும் உங்கள் வயது, பால், பிறந்த நாள் எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும். மொழியும் உங்களைக் காட்டிக்கொடுத்தது. வடக்கு கிழக்கில் கொடுத்த அட்டைகளில் சிங்களத்தோடு தமிழும் இருந்தது, மற்ற இடங்களில் சிங்களம் மட்டும். எல்லோருக்கும் இரு மொழியிலும் கொடுக்கத் தொடங்கியபோது 2014 ஆகிவிட்டது. அதுவரை, சோதனைச் சாவடியில் நிற்பவர் பெயரை வாசிக்கத் தேவையில்லை. தமிழ் எழுத்து இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

யுத்த காலத்தில் இங்கிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை. எல்லோரும் இறங்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு, அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடக்க வேண்டும். அட்டையை வாங்குபவர் படத்தைப் பெரிதாகப் பார்க்கமாட்டார். திருப்பி, பிறந்த இடம் எழுதியிருக்கும் வரியில் பெருவிரலை வைத்துப் பார்ப்பார். என் அண்ணன் பிறந்தது யாழ்ப்பாணத்தில். அம்மாவின் தாய்வீடு அங்கே, தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருந்தார். நான் பிறந்தது திருகோணமலை ஆஸ்பத்திரியில். இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம், அன்று ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து ஆசனங்களில் இருந்து வந்தோம். என் அட்டை உடனே திரும்பி வந்தது. அண்ணனின் அட்டையை அவர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவனை மரத்தடியில் போய் நிற்கச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் யார் இருக்கிறார்கள், எப்போது வந்தாய், எதற்கு வந்தாய் என்று கேள்விகள். முப்பது நாள் குழந்தையாகத் திரும்பி வந்தவனிடம் என்ன பதில் இருக்கும்? சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் விட்டுவிட்டார்கள். விடப்படாதவர்களின் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. அண்ணனின் அட்டையில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அம்மா எங்கே பிள்ளை பெற்றார் என்ற உண்மையான ஒரு தகவல், அதை வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

இதை அரசாங்கத்துக்கு எதிரான பேச்சாக மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைக் கேட்டு வந்த விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கும் எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்ற கணக்கு தெரிந்திருந்தது. கணக்கு யார் கையில் இருந்தாலும் அதைப் பார்த்துக் கதவைத் தட்ட முடிந்தது.

எதிர்த்து என்ன கண்டோம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்வேன். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் எங்கள் ஊருக்கும் அனுப்பினார்கள். அடையாள அட்டை வைத்திருந்தவர்கள், பொலிசில் பதிந்திருந்தவர்கள், வைத்தியசாலைக்கு வந்தவர்கள், வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற சிவில் அமைப்பு உடனே உயர் நீதிமன்றத்துக்குப் போனது, மறுநாளே இடைக்காலத் தடை வந்தது. 2011இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் வீடு வீடாகக் குடும்பங்களைப் பதியத் தொடங்கியபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார்கள். அந்தப் பதிவை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்தில் சொல்ல வேண்டி வந்தது. ஆக, இந்த நாட்டிலேயே, யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதும் முடிந்த கையோடும், இத்தகைய நடவடிக்கைகளைச் சட்டத்தால் நிறுத்த முடிந்திருக்கிறது.

வெளிநாடுகளில் இந்தப் போராட்டத்தின் வரலாறு இன்னும் நீளமானது. பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போருக்காக 1939இல் அடையாள அட்டை வந்தது. போர் முடிந்தும் அது போகவில்லை, அதைக் கேட்கும் அரசு அலுவலகங்கள்தான் கூடிக்கொண்டே போயின. 1950 டிசம்பரில் கிளாரன்ஸ் வில்கொக் என்பவரின் காரை லண்டனில் மறித்த பொலிஸ்காரர் அட்டையைக் கேட்டார். அவர் காட்ட மறுத்தார். வழக்கில் அவர் தோற்றார், ஆனால் போர்க்காலச் சட்டத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது சட்டத்தை மதிக்கிறவர்களையே சட்டத்தை மீறுகிறவர்களாக்கும் என்று தலைமை நீதியரசர் கொடார்ட் கண்டித்தார். 1952 பெப்ரவரியில் அட்டையே ஒழிந்தது. 2006இல் அதே நாடு புதிய அட்டையையும் தேசியப் பதிவேட்டையும் சட்டமாக்கியது. ‘நோ2ஐடி’ இயக்கம் 2004இலிருந்தே ஊர் ஊராக எதிர்த்து வந்தது. ஆட்சி மாறியதும் 2010இல் சட்டம் நீக்கப்பட்டு, பதிவேடு இருந்த வன்தட்டுகள் 2011 பெப்ரவரியில் துண்டு துண்டாக நொறுக்கப்பட்டன. ஆம்ஸ்டர்டாமில் 1943 மார்ச் 27ஆம் திகதி நாசி எதிர்ப்பாளர்கள் நகரின் குடிசனப் பதிவகத்துக்கே தீ வைத்தார்கள். போருக்கு முன்பு ஒழுங்கான அலுவலர்கள் ஒழுங்காக எழுதி வைத்த, மதம் உட்பட எல்லாம் அடங்கிய அட்டைகள் யூதர்களைப் பிடிக்கப் பயன்பட்டன. தீயில் ஒரு பகுதி மட்டுமே அழிந்தது. அதற்காகப் பன்னிருவர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பதிவேட்டின் ஒரு பகுதியை அழிக்க உயிரைக் கொடுக்க வேண்டிவந்தவர்களின் இடத்தில் நாம் இல்லை. பதிவேடு கட்டப்படுவதற்கு முன்பே கேள்வி கேட்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

வரப்போவது பழைய அட்டையின் அழகான பதிப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். புதிய டிஜிட்டல் அடையாளத் திட்டத்தில் முகம், கைரேகை, கருவிழி மூன்றும் எடுக்கப்பட்டு ஓரிடத்தில் சேமிக்கப்படும். இந்தியாவின் நிதியுதவியோடு இது நடக்கிறது, 2022இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. தெற்கில் எழும் எதிர்ப்பு பெரும்பாலும் இந்தியா என்ற ஒரே சொல்லில் நின்றுவிடுவது எனக்குக் கவலை. பணம் யாருடையதாக இருந்தாலும், சேர்க்கப்படும் தகவலை யார் பார்க்கலாம் என்ற கேள்வி அப்படியே இருக்கும். கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். கருவிழியை எங்கே போய் மாற்றுவது?

பாதுகாப்பாக வைத்திருப்பார்கள் என்று நம்பலாமா? 2023இல் அரசாங்கத்தின் சொந்த முகில் (கிளவுட்) சேவையில் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கி, மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்துபோயின. அந்தக் காலத்துக்கான மாற்றுப் பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. அங்கே போனது மின்னஞ்சல், இங்கே சேரப்போவது ஒரு நாட்டின் கைரேகைகள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே, 9ஆம் இலக்கச் சட்டமாக, நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தபோது பிற்போடப்பட்டன. அந்தரங்கத்துக்கான உரிமை என்று ஒன்று நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் தனியாக எழுதப்படவும் இல்லை. இந்தியாவில் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த அடித்தளத்தில் நின்றுதான் 2018இல் தனியார் நிறுவனங்கள் அந்நாட்டின் அடையாள இலக்கமான ஆதாரைக் கேட்க இடமளித்த பிரிவை உச்ச நீதிமன்றம் இரத்துச் செய்தது. திட்டத்தின் பணம் அங்கிருந்து வருகிறது. இந்தத் தீர்ப்பும் வர வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

ஏழைகளுக்கு உதவி சரியாகப் போய்ச்சேரும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஏழைகளின் விரல்களையும் பார்க்க வேண்டும். உப்புவெளியில் கரைவலை இழுக்கிற ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். கயிறு அறுத்து அறுத்து விரல்நுனிகள் வழுவழுவென்று ஆகிவிட்டன. கைபேசி அவர் விரலுக்குத் திறக்காது, பேரன்தான் இலக்கத்தை அழுத்தித் திறந்து கொடுப்பான். அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும பணத்துக்கு நாளை கைரேகை கேட்டால் அவர் கதி என்ன? இந்தியாவில் ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் ரேகை பொருந்தாததால் ரேஷன் கிடைக்காமல் திரும்பியவர்களைப் பற்றிப் பொருளியலாளர்கள் எழுதியே இருக்கிறார்கள். மாற்று வழியைச் சட்டத்திலேயே எழுதி வைக்காத திட்டத்தில் முதலில் விழுகிறவர் அந்தப் பெரியவர்தான்.

நாங்கள் சில பேர் சேர்ந்து சனசமூக நிலையங்களிலும் மீனவர் சங்கக் கூட்டங்களிலும் இதைத்தான் பேசிவருகிறோம். அமைப்பு என்று பெயர் எதுவும் வைக்கவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் பேசும்போது 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் வீடுகளில் நடந்த தேடுதல்கள் தாமாகவே பேச்சில் வந்துவிடும். கந்தளாயில் ஒரு சிங்கள நண்பர், 1989இல் ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது தன் கிராமத்து இளைஞர்களைப் பெயர் சொல்லித் தேடி வந்ததை நினைவுபடுத்துவார். இந்த மாவட்டத்தில் மூன்று சமூகமும் ஒரே மேசையில் இருந்து பேச முடிந்த விடயங்கள் குறைவு, இது அவற்றில் ஒன்று. எங்கள் கோரிக்கைகள் பெரியவை அல்ல. தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்து, சுயாதீனமான அதிகாரசபை வேலை செய்யத் தொடங்கிய பிறகு கருவிழியை எடுக்கட்டும். இனம், மதம், பிறந்த இடம் அந்தத் தரவுத்தளத்தில் இருக்கவே கூடாது. பொலிசோ படையினரோ நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உள்ளே பார்க்கக் கூடாது. என் விபரத்தை யார், எப்போது பார்த்தார் என்பதை நான் பார்க்க வேண்டும். இவற்றில் கடைசியானதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் மற்றவை மீறப்பட்டாலும் அது இருந்தால்தான் நமக்குத் தெரியவரும்.

அப்படியானால் பதியாமல் இருக்கலாமா என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். அந்த ஆலோசனையை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன். 2006இல் சம்பூரிலிருந்து உடுத்த உடுப்போடு ஓடிவந்த சனத்தில், அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள் அதற்குப் பிறகு பட்ட பாட்டை இங்கே எல்லோரும் அறிவோம். ஓய்வூதியம் வாங்கும் அம்மாவோ பரீட்சைக்குப் போகும் பிள்ளையோ இந்தப் போராட்டத்தின் சுமையைத் தனியாகச் சுமக்கக் கூடாது. அவர்கள் பதியட்டும். கேள்வி கேட்க நேரமும் எழுத்தறிவும் உள்ள நாம் கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. ஒரு தாளில், என்னைப் பற்றி எந்தெந்தத் தகவல்கள் சேமிக்கப்படுகின்றன, அவை எந்தெந்த நிறுவனங்களோடு பகிரப்படுகின்றன, எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும், இதற்குச் சட்ட அதிகாரம் எது என்று கேட்டு, உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதிலும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமென்றால் இந்தப் பதிலின் கீழே கேளுங்கள். உங்கள் அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள்.